டிரைவர்களின் பதவி உயர்வுக்கும் கால அட்டவணை வேண்டும்

ரயில் பத்து நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் ரயில்வேயில் விசாரணை உண்டு. எந்த ஸ்டேஷனில் எத்தனை நிமிஷம் போயிற்று, சிக்னல் கிடைக்கவில்லையா, எஞ்சின் கோளாறா, டிரைவர் மெதுவாக ஓட்டினாரா என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு நிமிஷத்தையும் ஏதாவது ஓர் இலாகாவின் பேரில் எழுதி வைப்பார்கள். அதே டிரைவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று தள்ளிப் போனால் அதற்கு எந்த இலாகாவும் பொறுப்பில்லை. கணக்குக் கேட்பாரும் இல்லை. கேட்க வேண்டுமானால் அவர் கோர்ட்டு வாசலுக்குத்தான் போக வேண்டும்.

போகிறார்கள். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவன் என்ற முறையில் இந்த வழக்குகளின் காகிதங்கள் எப்படி உருவாகின்றன, எப்படிப் பருத்துக்கொண்டே போகின்றன என்பதை நான் அறிவேன். "டிரைவர்களுக்கு வழக்குப் போடுவதே வேலை" என்று அதிகாரிகள் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அது நியாயமான பேச்சல்ல. பதவி உயர்வு வழக்குகள் இவ்வளவு பெருகியதற்கு விதிகளில் உள்ள குழப்பம் ஒரு காரணம். இருக்கிற விதியையும் உரிய காலத்தில் நிறைவேற்றாதது அதைவிடப் பெரிய காரணம். அதிலும் 2022ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட் அளித்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு, இந்தத் தாமதம் டிரைவரை முன்னைவிடக் கடுமையாகப் பாதிக்கக் கூடியதாகிவிட்டது. ரயிலுக்கு இருப்பதுபோல் பதவி உயர்வுக்கும் ஒரு கால அட்டவணை வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

ஏணியும் அதன் படிகளும்

நீராவி எஞ்சின் காலத்தில் ஒருவர் க்ளீனராகச் சேர்வார். பிறகு இரண்டாவது ஃபயர்மேன், முதல் ஃபயர்மேன், ஷண்டர் என்று கரியோடும் நெருப்போடும் பழகிய பின்தான் 'சி' கிரேடு டிரைவராகக் கூட்ஸ் வண்டி ஓட்டுவார். 'பி' கிரேடு என்றால் பாசஞ்சர் வண்டி. 'ஏ' கிரேடு என்றால் மெயில் வண்டி. மெயில் டிரைவராகும்போது தலை நரைத்திருக்கும்.

இப்போது பெயர்கள் மாறிவிட்டன. டிரைவர் லோகோ பைலட் ஆகிவிட்டார். கார்டு 2022 ஜனவரி முதல் டிரெயின் மேனேஜர். உதவி லோகோ பைலட்டாகச் சேர்பவர் சீனியர் உதவி லோகோ பைலட், ஷண்டிங், கூட்ஸ், பாசஞ்சர், மெயில் என்று படிப்படியாக ஏற வேண்டும். அதற்கு மேல் லோகோ இன்ஸ்பெக்டர் என்ற மேற்பார்வைப் பதவி. ஆனால் ஜனங்கள் வாயில் அவர் இன்னும் டிரைவர்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

மற்ற இலாகாக்களில் பதவி உயர்வு என்றால் மேஜை மாறும், சம்பளம் சற்றுக் கூடும். டிரைவருக்கு வாழ்க்கையே மாறும். கூட்ஸ் டிரைவருக்கு நேரம் காலம் கிடையாது. எப்போது ஆள் வந்து கூப்பிட்டாலும் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். எப்போது திரும்புவார் என்று வீட்டில் சொல்ல முடியாது. பாசஞ்சரும் மெயிலும் ஓட்டுகிறவருக்கு 'லிங்க்' உண்டு. இன்ன நாள் இன்ன வண்டி என்று முன்கூட்டித் தெரியும். பிள்ளையின் பள்ளிக்கூட விழா எந்த நாள் என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஒரு படி தவறினால் போவது சம்பளம் மாத்திரமல்ல, பல வருஷத் தூக்கமும் குடும்ப வாழ்க்கையும் சேர்ந்தே போகின்றன. வெளியில் இருப்பவர்களுக்கு இது அற்பச் சண்டையாகத் தோன்றலாம். அதில் சிக்கியவருக்கு அது அற்பமல்ல.

ஏணி ஒன்றுதான் என்றாலும் ஒவ்வொரு படிக்கும் விதி ஒரே மாதிரி இல்லை. ரயில்வேயில் பதவிகள் இரண்டு ரகம். 'செலக்‌ஷன்' பதவி என்றால் காலியிடங்களைப் போல் மூன்று மடங்கு பேரை சீனியாரிட்டிப்படி அழைத்து, பரீட்சை வைத்து, சர்வீஸ் குறிப்பையும் பார்த்துப் பட்டியல் போடுவார்கள். இதற்குப் 'பானல்' என்று பெயர். 'நான்-செலக்‌ஷன்' பதவி என்றால் சீனியாரிட்டியில் முதலில் நிற்பவர் அந்த வேலைக்குத் தகுதியானவர்தானா என்று மட்டும் பார்ப்பார்கள். தகுதி இருந்தால் இடம் அவருக்கே. ஒரு பதவியை இந்த ரகத்திலிருந்து அந்த ரகத்துக்கு மாற்றி ஒரு கடிதம் வந்தால் போதும், முன்னால் நின்றவர் பின்னாலும் பின்னால் நின்றவர் முன்னாலும் போய்விடுவார்கள்.

இந்த மார்க்குக் கணக்கிலும் வழக்குகள் உண்டு. முன்பு செலக்‌ஷனில் சீனியாரிட்டிக்கென்றே 15 மார்க் ஒதுக்கியிருந்தார்கள். பல பிரிவுகளிலிருந்து ஆட்களைச் சேர்த்து எடுக்கும் பொதுப் பதவிகளுக்கு அப்படி மார்க் கொடுப்பது சரியல்ல என்று 1996இல் தென் மத்திய ரயில்வே வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அது டிரைவர் வழக்கல்ல, சட்ட உதவியாளர் பதவி பற்றிய வழக்கு. ஆனால் அதன் தாக்கம் ரயில்வே செலக்‌ஷன் முறைக்கே உண்டு.

போர்டின் கடிதமே சட்டம்

இந்த விதிகளை யார் போடுகிறார்கள்? பார்லிமெண்ட் அல்ல. கெஜட் அந்தஸ்து இல்லாத சிப்பந்திகளுக்கு விதி செய்யும் முழு அதிகாரத்தையும் ரயில்வே எஸ்டாபிளிஷ்மெண்ட் கோடின் 123ஆவது விதி ரயில்வே போர்டுக்குக் கொடுக்கிறது. பழைய கோடில் இது 157ஆவது விதி. அந்த அதிகாரத்தின் கீழ் போர்டு செய்யும் விதிக்குச் சட்டத்தின் பலம் உண்டு, முன்தேதியிட்டும் விதி செய்யலாம் என்று 1968இல் வதேரா வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆகவே டில்லியிலிருந்து வரும் ஒரு பக்கக் கடிதம் லட்சக்கணக்கான சிப்பந்திகளின் தலையெழுத்தை மாற்றக் கூடியது.

அந்த அதிகாரத்துக்கும் எல்லை உண்டு என்று காட்டியவர்கள் ஓடும் வண்டிகளின் சிப்பந்திகள்தான். டிரைவர், கார்டு முதலானோருக்கு ஓடிய தூரத்துக்கு ஏற்ப ரன்னிங் அலவன்ஸ் உண்டு. அதில் ஒரு பகுதியைச் சம்பளமாகவே கருதிப் பென்ஷன் போடுவது வழக்கம். முன்பு 75 சதவீதம் வரை கணக்கில் சேர்ந்தது. 1988 டிசம்பர் 5ஆம் தேதி அறிவிப்பு அதை 45 சதவீதமாகவும் 55 சதவீதமாகவும் குறைத்தது. அது மட்டுமல்ல, அந்தக் குறைப்பை 1973இலிருந்தும் 1979இலிருந்தும் அமலுக்கு வந்ததாகச் சொல்லியது. அதற்குள் ரிடையராகி வீட்டில் இருந்தவர்களின் பென்ஷனிலும் கை வைத்தாயிற்று. 1997 ஜூலை 25ஆம் தேதி ரங்கதாமையா வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன பெஞ்ச், ஒருவருக்கு ஏற்கெனவே சேர்ந்துவிட்ட உரிமையை இப்படி முன்தேதியிட்டுப் பறிக்கக் கூடாது என்று சொல்லி அந்தப் பகுதியை ரத்து செய்தது.

பென்ஷன் கைக்கு வந்த உரிமை. ஆகவே கோர்ட் காப்பாற்றியது. பதவி உயர்வு அப்படியா? இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

உரிமை எது, வாய்ப்பு எது?

பதவி உயர்வு கிடைத்தே தீர வேண்டும் என்பது எவருடைய உரிமையும் அல்ல. ஆனால் உரிய தகுதி உள்ளவரை அதற்குப் பரிசீலிக்க வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 16ஆவது ஷரத்துப்படி அடிப்படை உரிமை. 1999இல் அஜித் சிங் வழக்கில் அரசியல் சாசன பெஞ்ச் இதைத் தெளிவாகவே சொன்னது. இன்னொரு பக்கம், 'பதவி உயர்வு வாய்ப்பு' என்பது சர்வீஸ் நிபந்தனை அல்ல, வாய்ப்பு குறைந்தது என்பதற்காக மட்டும் ஒரு விதியை எதிர்க்க முடியாது என்பதும் பல தீர்ப்புகளில் நிலைபெற்ற கொள்கை.

பரிசீலிக்க வேண்டும், சரி. எந்த விதிப்படி பரிசீலிக்க வேண்டும்? இடம் காலியான நாளில் இருந்த விதிப்படியா, பரிசீலிக்கும் நாளில் இருக்கும் விதிப்படியா?

1983இல் ஒய்.வி. ரங்கையா வழக்கில் இந்தக் கேள்வி வந்தது. அது ஆந்திராவின் பத்திரப் பதிவு இலாகா வழக்கு. அங்கே ஒவ்வொரு செப்டம்பரிலும் பட்டியல் போட வேண்டும் என்று விதி இருந்தது. 1976இல் போட வேண்டியதை நேரத்தில் போடவில்லை. அடுத்த மார்ச்சில் விதியே மாறிவிட்டது. பழைய விதியின் காலத்தில் காலியான இடங்களுக்குப் பழைய விதிதான் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. சுமார் நாற்பது வருஷம் நாடு முழுவதும் சிப்பந்திகள் இந்தத் தீர்ப்பைத்தான் கையில் பிடித்திருந்தார்கள். நிர்வாகம் தாமதம் செய்தாலும் 'என் காலத்து இடம், என் காலத்து விதி' என்று கேட்க முடிந்தது.

2022 மே 20ஆம் தேதி அது போயிற்று. இமாசலப் பிரதேச சர்க்காருக்கும் ராஜ்குமார் என்பவருக்கும் நடந்த வழக்கில் மூன்று நீதிபதிகள் பெஞ்ச், ரங்கையா தீர்ப்பு பொதுவான சட்டம் அல்ல என்று கூறி அதை மாற்றியது. பரிசீலிக்கும் நாளில் எந்த விதி அமலில் இருக்கிறதோ அதுவே பொருந்தும். இடம் முன்பே காலியாயிற்று என்பதால் பழைய விதியைக் கேட்கும் உரிமை தானாக வந்துவிடாது.

சட்டப்படி இதில் நியாயம் இருக்கலாம். காலத்துக்கேற்ப விதியை மாற்றும் சுதந்திரம் சர்க்காருக்கு வேண்டும். ஆனால் கீழே வேலை செய்பவருக்கு இதன் பொருள் என்ன என்று பாருங்கள். ஒரு டிவிஷனில் இருபது மெயில் டிரைவர் இடங்கள் காலி என்று வைத்துக்கொள்வோம். அன்றைய விதிப்படி சீனியாரிட்டியும் தகுதியும் போதும். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் பட்டியலில் முதலில் நிற்கிறார். பல காரணங்களால் பட்டியல் நான்கு வருஷம் வரவில்லை. நான்காவது வருஷம் போர்டு கடிதம் வருகிறது: இனி பரீட்சை மார்க்குப்படிதான் என்று. ஐம்பத்து நான்கு வயதில், இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு வந்து, இருபத்தெட்டு வயதுப் பட்டதாரியோடு அவர் பரீட்சை எழுத வேண்டும். 1983 தீர்ப்பு இருந்தவரை அவருக்கு வாதம் இருந்தது. இன்று இல்லை.

அதாவது தாமதமே இப்போது ஒரு விதியாகிவிட்டது. யாரை ஏற்றுவது என்பதை விதிப் புத்தகம் மட்டும் தீர்மானிக்கவில்லை. செலக்‌ஷன் எந்த வருஷம் நடக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது. அந்த வருஷத்தைத் தீர்மானிப்பவர்கள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஜெயித்தாலும் கிடைக்காதது

பதவி உயர்வில் விட்டுப்போனவர் வழக்குப் போட்டு ஜெயித்தால்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! ரயில்வே எஸ்டாபிளிஷ்மெண்ட் மேனுவலில் 228ஆவது பாரா என்று ஒன்று இருக்கிறது. நிர்வாகத்தின் தவறால் ஒருவருக்குப் பதவி உயர்வு விட்டுப்போனால், அவருடைய சீனியாரிட்டியைச் சரி செய்யலாம், சம்பளத்தையும் காகிதத்தில் கணக்கிட்டு நிர்ணயிக்கலாம். ஆனால் உயர்ந்த சம்பளத்தை உண்மையாகப் பதவி ஏற்ற நாளிலிருந்துதான் கொடுப்பார்கள். நடுவில் போன வருஷங்களுக்குப் பாக்கி கிடையாது. அந்தப் பதவியின் பொறுப்பை அவர் சுமக்கவில்லை என்பது காரணம்.

சுமக்க விடாமல் தடுத்தது யார்? வடக்கு ரயில்வே வழக்கு ஒன்றில் 1990இல் சுப்ரீம் கோர்ட், வேலை செய்யாத காலத்துக்குப் பாக்கி இல்லை என்ற நிர்வாகத்தின் வாதத்தை ஏற்றது. மறு வருஷமே ஜானகிராமன் வழக்கில், வேலை செய்யத் தயாராக இருப்பவரை அவர் குற்றம் எதுவும் இல்லாமல் நிர்வாகமே தள்ளி வைத்தால் 'வேலை இல்லையேல் கூலி இல்லை' என்ற நியாயம் பொருந்தாது என்றும் சொன்னது. இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில்தான் எத்தனையோ மனுக்கள் நிற்கின்றன. தவறு செய்தவருக்கு நஷ்டம் இல்லை, தவறுக்கு ஆளானவருக்குத்தான் நஷ்டம் என்றால் தவறு குறைவதற்கு வழி ஏது?

ஏறினாலும் சம்பளம் ஏறாத படிகள்

6ஆவது சம்பளக் கமிஷன் 2006 ஜனவரி 1 முதல் கூட்ஸ், பாசஞ்சர், மெயில் மூன்று டிரைவர்களையும் ரூ.4,200 கிரேடு பே என்ற ஒரே தட்டில் வைத்தது. மேல் பதவிகளுக்குக் கூடுதல் அலவன்ஸ் மட்டும் கொடுத்தார்கள். பிறகு 10, 20, 30 வருஷ சர்வீஸில் சம்பளத் தட்டை உயர்த்தும் எம்.ஏ.சி.பி. திட்டம் 2008 செப்டம்பர் 1இலிருந்து அமலானது. அதில் ஒரு நிபந்தனை: ஒரே கிரேடு பேயில் ஒரு பதவியிலிருந்து அடுத்த பதவிக்கு ஏறினாலும் அது ஓர் உயர்வாகவே எண்ணப்படும். கூட்ஸிலிருந்து பாசஞ்சருக்கும் பாசஞ்சரிலிருந்து மெயிலுக்கும் ஏறியவர் கணக்கில் இரண்டு உயர்வு பெற்றவர். கிரேடு பேயோ அதே 4,200. தகராறு எழாமல் என்ன செய்யும்? இந்தத் திட்டத்தில் அடுத்த பதவியின் சம்பளத்தைக் கேட்க முடியாது, அடுத்த கிரேடு பே மட்டுமே கிடைக்கும் என்று 2020 மார்ச்சில் மோகனன் நாயர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் முடிவாகச் சொல்லிவிட்டது.

மேற்பார்வைப் பதவிக்குப் போனவர்களின் கதை இன்னும் விசித்திரம். டிரைவர் ஒருவர் எஞ்சினை விட்டு மேற்பார்வைக்குப் போகும்போது, அவருடைய சம்பளத்தோடு 30 சதவீதம் ரன்னிங் அலவன்ஸுக்காகச் சேர்த்துப் புதிய சம்பளம் நிர்ணயிப்பார்கள். புதிய சம்பளக் கமிஷன் வந்தபின் போகும் ஜூனியருக்கு அந்த 30 சதவீதம் உயர்ந்த சம்பளத்தின் மேல் கணக்காகும். முன்பே போன சீனியர் குறைந்த சம்பளத்தில் நிற்பார். ஜூனியருக்குச் சமமாகத் தங்கள் சம்பளத்தை உயர்த்த வேண்டும் என்று சீனியர்கள் கேட்டார்கள். ஓ.பி. சக்சேனா வழக்கில் 1997இல் சுப்ரீம் கோர்ட் மறுத்துவிட்டது. முதலில் பதவி உயர்வு பெற்றதே ஒருவருக்கு நஷ்டமாகும் விந்தை இது.

இட ஒதுக்கீடு வழக்குகள்

பதவி உயர்வில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஒதுக்கீடு பற்றிய நம் நாட்டின் பெரிய சட்டப் போராட்டம் ரயில்வேயிலிருந்தே தொடங்கியது. செலக்‌ஷன் பதவிகளிலும் ஒதுக்கீடு உண்டு என்று 1959இல் வந்த போர்டு சுற்றறிக்கைகளை எதிர்த்துத் தெற்கு ரயில்வே சிப்பந்தி ஒருவர் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனார். அதுதான் ரங்காச்சாரி வழக்கு. ஹைகோர்ட்டில் அவர் ஜெயித்தார். 1961இல் சுப்ரீம் கோர்ட் பெரும்பான்மைத் தீர்ப்பில் ஒதுக்கீடு செல்லும் என்றது. 1992இல் இந்திரா சாஹ்னி வழக்கு அதை மாற்றியது. 1995இல் 77ஆவது திருத்தம் மீண்டும் வழி செய்தது.

அதே 1995 அக்டோபரில் வீர்பால் சிங் சௌஹான் வழக்கில் வடக்கு ரயில்வே கார்டுகளின் சீனியாரிட்டி கோர்ட்டுக்கு வந்தது. ஒதுக்கீட்டில் முன்னதாக ஏறியவரை, பிறகு ஏறும் பழைய சீனியர் எட்டிப் பிடித்துக்கொள்ளலாம் என்பது அந்தத் தீர்ப்பு. 85ஆவது திருத்தம் 1995 ஜூன் 17 முதல் அமலாகும்படி அதை மாற்றி, முன்னதாக ஏறியவருக்கே அந்த சீனியாரிட்டியைக் கொடுத்தது. 2006இல் நாகராஜ், 2018இலும் 2022இலும் ஜர்னைல் சிங் என்று அடுத்தடுத்த தீர்ப்புகள் அதற்கு நிபந்தனைகளை வகுத்தன. ஒவ்வொரு பதவிப் பிரிவுக்கும் தனித்தனியாகப் பிரதிநிதித்துவப் புள்ளிவிவரம் வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது.

ஒதுக்கீடு வேண்டுமா வேண்டாமா என்பது அரசியல் சாசனம் முடிவு செய்த விஷயம். கிரூ லாபியில் அதற்காக இரண்டு தோழர்கள் முகம் திருப்பிக்கொள்வதில் பயனில்லை. ரோஸ்டர் புத்தகம் ஒழுங்காக எழுதப்பட்டு எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தால் பாதிச் சந்தேகம் தீரும். புள்ளிவிவரத்தைத் தயாராக வைக்காமல் கோர்ட்டில் அவகாசம் கேட்டு நிற்பது நிர்வாகத்தின் குறை. அதன் பலனை ஒதுக்கீட்டில் வர வேண்டியவரும் பொதுவில் வர வேண்டியவரும் சேர்ந்தே அனுபவிக்கிறார்கள்.

ஊர் திரும்ப நினைப்பவர்கள்

கர்நாடகத்தில் இருக்கும் நம்மவர்களுக்கு இதில் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. பெங்களூர் டிவிஷன் 2003 வரை தெற்கு ரயில்வேயில் இருந்தது. அந்த வருஷம் ஏப்ரலில் ஹூப்ளியைத் தலைமையாகக் கொண்டு தென்மேற்கு ரயில்வே பிறந்தபோது அதோடு போயிற்று. டிரைவர்களின் சீனியாரிட்டி டிவிஷன்வாரியானது. ஒரு காலத்தில் ஒரே ரயில்வேக்குள் இருந்த சென்னை டிவிஷனும் பெங்களூர் டிவிஷனும் இன்று வெவ்வேறு ரயில்வேக்கள். ஜோலார்பேட்டையில் பெற்றோர் இருக்க, பங்காருபேட்டையில் வேலை பார்ப்பவருக்கு நடுவில் இருப்பது சில மணி நேரப் பயணம்தான். சீனியாரிட்டிக் கணக்கில் அது பெரிய தூரம்.

சொந்த விருப்பத்தில் வேறு ரயில்வேக்கு மாற்றல் கேட்பவர், மேனுவலின் 312ஆவது பாராப்படி, அங்கே அந்த கிரேடில் இருக்கும் எல்லோருக்கும் கீழே போய் நிற்க வேண்டும். 'பாட்டம் சீனியாரிட்டி' என்று இதற்குப் பெயர். பத்து வருஷ சர்வீஸ் உள்ளவரும் நேற்றுச் சேர்ந்தவருக்குப் பின்னால்தான். அங்கே ஏற்கெனவே இருப்பவரின் இடத்தைப் பறிக்கக் கூடாது என்ற அளவில் இது நியாயமே. ஆனால் மாற்றல் மனு வருஷக்கணக்கில் தூங்கினால் அந்த நியாயம் போய்விடுகிறது. மனு கொடுத்த நாளுக்கும் விடுவித்த நாளுக்கும் நடுவே அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய பேட்ச் புதிதாகச் சேர்ந்துவிட்டால், அத்தனை பேருக்கும் பின்னால்தான் இவர் இடம்.

பேட்சுகள் அப்படித்தான் வருகின்றன. 2018இல் உதவி லோகோ பைலட், டெக்னீஷியன் பதவிகளுக்குச் சேர்த்து வந்த அறிவிப்பில் இடங்கள் கடைசியில் 64,371 ஆயின. அதன் பிறகு உதவி லோகோ பைலட்டுக்கு அடுத்த அறிவிப்பு 2024 ஜனவரியில்தான். அதில் முதலில் சொன்னது 5,696. ஜூனில் அதை 18,799 ஆக்கினார்கள். 2025இல் 9,970. நடுவில் ஆறு வருஷம் வெறுமை. கீழே ஆள் இல்லாததால் மேலே பானலில் வந்தவரையும் பயிற்சிக்கு விடுவிக்க முடியாமல் டிவிஷன்கள் திணறுகின்றன. ஆள் எடுப்பதில் நேரும் தாமதம் பதவி உயர்விலும் மாற்றலிலும் வந்து விழுவது இப்படித்தான்.

முகல்சராய் சொன்ன பாடம்

2025 மார்ச்சில் கிழக்கு மத்திய ரயில்வேயின் முகல்சராயில் சீஃப் லோகோ இன்ஸ்பெக்டர் பதவிக்கான இலாகாப் பரீட்சைக்கு முதல் நாள் இரவு சி.பி.ஐ. சோதனை நடத்தியது. கேள்வித்தாள் விலை போனதாகக் குற்றச்சாட்டு. அதிகாரிகள் உள்பட 26 ரயில்வே சிப்பந்திகள் கைதானார்கள். ரூ.1.17 கோடி ரொக்கம் பிடிபட்டது. குற்றம் செய்தவர் யார் என்பதைக் கோர்ட் சொல்லட்டும். ஆனால் அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். மார்ச் 4ஆம் தேதி வரை முடிவாகாமல் இருந்த குரூப் 'சி' இலாகா செலக்‌ஷன்களைப் போர்டு ரத்து செய்தது. இனி இந்தப் பரீட்சைகள் ரயில்வே தேர்வு வாரியத்தின் மூலம் கம்ப்யூட்டரில் நடக்கும், ஒவ்வொரு ரயில்வேயும் பரீட்சைக் காலண்டர் தயாரித்து அதன்படியே நடத்த வேண்டும் என்றும் அறிவித்தது.

பரீட்சையை உள்ளூர்க் கையிலிருந்து எடுத்தது நல்ல காரியம். காலண்டர் என்ற சொல் அதைவிட நல்லது. ஆனால் ரத்தான செலக்‌ஷன்களில் நேர்மையாகப் படித்து எழுதியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குப் போன மாதங்களை யார் திருப்பிக் கொடுப்பது? அதோடு, காலண்டரை அறிவிப்பது ஒன்று, அதன்படி நடப்பது வேறொன்று. காலண்டர் தவறினால் என்ன ஆகும் என்று எங்கும் எழுதவில்லை என்றால் அது சுவரில் தொங்கும் காலண்டர்தான்.

நிர்வாகத்தின் பதிலும் நம் கோரிக்கையும்

நிர்வாகத்துக்கும் சொல்வதற்கு இருக்கிறது. நீராவி போய் டீசல் வந்தது, டீசல் போய் மின்சாரம் வந்தது, இப்போது வந்தே பாரத் ஓடுகிறது. எஞ்சின் மாறும்போது விதியும் மாறத்தான் வேண்டும் என்பார்கள். கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கிப் பட்டியலையே நிறுத்துவது சிப்பந்திகள்தான் என்றும் சொல்வார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. விதி மாறக் கூடாது என்று எவரும் கேட்கவில்லை. பாதி வழியில், ஆள் நிற்கும்போதே ஏணியை நகர்த்தாதீர்கள் என்றுதான் கேட்கிறோம். பட்டியல் உரிய நாளில் வந்து, ஆட்சேபம் சொல்ல அவகாசம் கொடுத்து, ஆட்சேபத்துக்கு எழுத்தில் பதிலும் சொன்னால் தடை உத்தரவு கேட்க எத்தனை பேர் போவார்கள்?

ஆகவே செய்ய வேண்டியவை நான்கு. முதலாவது, டிவிஷன்வாரி சீனியாரிட்டிப் பட்டியலையும் ரோஸ்டரையும் ஒவ்வொரு வருஷமும் குறித்த தேதியில் கிரூ லாபியில் ஒட்ட வேண்டும். இரண்டாவது, செலக்‌ஷன் காலண்டர் தவறினால், வண்டி தாமதத்துக்கு எழுதுவதுபோல், எந்த அதிகாரி எந்தக் காரணத்தால் தவறவிட்டார் என்று எழுதி அதையும் ஒட்ட வேண்டும். மூன்றாவது, விதியை மாற்றும் கடிதத்திலேயே, அது எந்தத் தேதிக்குப் பின் காலியாகும் இடங்களுக்குப் பொருந்தும் என்று சொல்லி, காலண்டர்படி முன்பே நிரப்பியிருக்க வேண்டிய இடங்களுக்கு விலக்கு அளிக்க வேண்டும். 2022 தீர்ப்பு இதைத் தடுக்கவில்லை. பழைய விதியைக் கேட்கும் உரிமை தானாக வராது என்றுதான் சொன்னது. போர்டு மனம் வைத்துக் கொடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. நான்காவது, தவறு நிர்வாகத்துடையது என்று முடிவானால் பாக்கியையும் கொடுக்கும்படி 228ஆவது பாராவைத் திருத்த வேண்டும்.

டிரைவர் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 1985இன் நிர்வாக டிரிப்யூனல் சட்டப்படி, முடிவான உத்தரவு வந்த ஒரு வருஷத்துக்குள் டிரிப்யூனலுக்குப் போக வேண்டும். மேல் மனுவுக்கு ஆறு மாதம் பதில் வராவிட்டால் அதிலிருந்து ஒரு வருஷம். சம்பளம், பென்ஷன் கணக்கில் பிசகு என்றால் மாதந்தோறும் தொடரும் தவறு என்று சொல்லித் தாமதமாகவும் கேட்கலாம். சீனியாரிட்டி அப்படியல்ல, மற்றவர் இடத்தைக் கலைக்கும் பழைய கோரிக்கையைக் கோர்ட் ஏற்காது என்று 2008இல் தர்சேம் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. பட்டியல் ஒட்டிய அன்றே தன் பெயர் எங்கே என்று பாருங்கள். தவறிருந்தால் எழுத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் பெறுங்கள். வாய்ச் சொல்லுக்கு ஆபீசில் மதிப்பில்லை. இது ஆபீசில் இருப்பவன் சொல்வது. டிரிப்யூனல், பிறகு ஹைகோர்ட், பிறகு சுப்ரீம் கோர்ட் என்று மூன்று படி ஏறுவதற்குள் பலருக்கு ரிடையர்மெண்ட் வந்துவிடுகிறது. காகிதத்தில் மெயில் டிரைவர். ஓட்டியது கடைசி வரை கூட்ஸ் வண்டி.

ஓர் இரவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரயாணிகள் அந்த ஒருவரை நம்பித் தூங்குகிறார்கள். ஒவ்வொரு சிக்னலையும் அதற்குரிய நிமிஷத்தில் கவனிக்க வேண்டும் என்று அவரிடம் கேட்கிறோம், கேட்பது சரிதான். அவருக்குரியதை அதற்குரிய வருஷத்தில் கொடுக்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்பதும் அதே அளவுக்குச் சரி.